கட்டணம், சூரணம், விளம்பரம்: சித்த கிளினிக் நடத்துவோர் கேட்டவை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே அறையில் சித்த கிளினிக் நடத்துகிறேன். பார்க்கும் கட்டணம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். மருந்து விலையிலேயே சேர்த்து வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். வருமானத்தை மருந்துக்குள் ஒளித்துவைத்தால், மருந்தே தேவைப்படாதவருக்கும் ஒரு டப்பாவைக் கட்டிக் கொடுக்க வேண்டிவரும். ‘பத்தியமும் எண்ணெய்க் குளியலும் போதும், போய் வாருங்கள்’ என்று நேர்மையாகச் சொல்லும் நாளில் கல்லா காலியாகக் கிடக்கும். அதே சூரணத்தை (மருந்துப் பொடியை) நாட்டு மருந்துக் கடையில் விலை விசாரிப்பவர், உங்களைக் கொள்ளைக்காரர் என்றும் சொல்வார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 8,000, உதவியாளர் சம்பளம் 11,000, மின்சாரமும் சலவையும் 3,500, இதர செலவு 2,500. மொத்தம் மாதம் 25,000 ரூபாய். மாதத்தில் 25 நாள் திறந்தால், கதவைத் திறக்கவே நாளுக்கு 1,000 ரூபாய். நாளுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். நாலு பேர் புதியவர்கள், ஆறு பேர் மறுமுறை. முதல் முறைக்கு 250, 15 நாளுக்குள் மறுமுறை வந்தால் 100 என்று வைத்தால் நாளுக்கு 1,600, மாதம் 40,000. செலவு போக மிஞ்சுவது 15,000.

உங்கள் உழைப்புக்கு 30,000 வேண்டும் என்றால் மீதி 15,000 தொக்கணம் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல்), பொடிக்கிழி (சூடான மருந்துப் பொடி மூட்டையால் ஒற்றுதல்) போன்ற சிகிச்சைகளிலிருந்து வரவேண்டும். ஒரு தொக்கணத்துக்கு 500 ரூபாய் வாங்கி, எண்ணெய்க்கும் சலவைக்கும் 120, செய்பவருக்கு 100 போனால் கையில் நிற்பது 280. அப்படியானால் மாதம் 54 சிகிச்சை, நாளுக்கு இரண்டுக்குச் சற்று மேல். ஒரு படுக்கை இதற்குத் தாராளம். ஆனால் 45 நிமிடச் சிகிச்சைக்கு 45 நிமிடம் மட்டும் ஒதுக்குவதுதான் பலர் செய்யும் தவறு. விரிப்பு மாற்றவும், தரையில் எண்ணெய் துடைக்கவும், வந்தவர் உடைமாற்றவும் கால் மணி நேரம் போகும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மதியத்துக்குள் வாசலில் மூன்று பேர் முணுமுணுப்பார்கள்.

ரசீதில் பார்த்த கட்டணம், சிகிச்சை, மருந்து என்று மூன்று வரி தனித்தனியாக எழுதுங்கள். பதிவு பெற்ற மருத்துவரின் ஆலோசனைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தனியாக விற்கும் மருந்தின் கணக்கு வேறு. வருடக் கடைசியில் ஆடிட்டர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

கேள்வி: முத்தியால்பேட்டை. ‘சர்க்கரை வேரோடு போகும்’ என்று பேனர் வைக்கச் சொல்கிறார் அச்சகக்காரர். மற்றவர்களும் வைக்கிறார்களே?

பதில்: மற்றவர்கள் இன்னும் சிக்காததுதான் உங்களுக்குத் தெரிகிறது. 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம், வெண்புள்ளி, உடல் பருமன், சிறுநீரகக் கல், பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். இவற்றுக்கு மருந்து உண்டு என்று விளம்பரம் செய்து குற்றம் நிரூபணமானால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை. நோட்டீஸ், லேபிள், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாமே விளம்பரத்தில் சேரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தப்பிவிடும் என்று நம்பாதீர்கள்.

பேனரில் பெயர், பட்டம், பதிவு எண், நேரம், விடுமுறை நாள், செய்யும் சிகிச்சைகளின் பெயர் போதும். அந்தப் பணத்தில் பாதியை வாசல் விளக்குக்குச் செலவிடலாம். கூகுள் மேப்பில் புள்ளி சரியான தெருவில் இருக்கிறதா, நேரம் சரியா என்று இன்றே பாருங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது அபூர்வம்.

கேள்வி: லாஸ்பேட்டை. ஐப்பசி, கார்த்திகையில் சூரணங்கள் கட்டிபட்டுப் போகின்றன. வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. காய்ந்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். பூஞ்சை விட்ட நச்சு அப்படியே இருக்கும். கொட்டிவிடுங்கள்.

முதலில் கட்டிபடுவது உப்போ சர்க்கரையோ சேர்ந்தவை: இந்துப்பு உள்ள அஷ்ட சூரணம், சர்க்கரை சேரும் ஏலாதி. இவற்றை 50 கிராம் கண்ணாடிப் பாட்டில்களில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் வையுங்கள். ஒரு பாட்டில் முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். வேது (மூலிகை ஆவி) பிடிக்கும் அறைக்கு அடுத்த சுவரில் மருந்து அலமாரி இருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள். பல கிளினிக்குகளில் கோளாறே அங்கேதான். சூரணத்துக்குச் சித்த நூல்கள் சொல்லும் ஆயுள் மூன்று மாதம். ஆகவே ஆவணியில் ஆறு மாதச் சரக்கு வாங்கி அடுக்குவது தள்ளுபடி தரும் விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் லாபம்.

கேள்வி: பண்ருட்டி. வருகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கில மருந்தும் சாப்பிடுகிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். இன்சுலினை நிறுத்தியவர் மயங்கி விழுந்தால் உங்கள் பெயர்தான் ஊரெல்லாம் சுற்றும். அதைவிட, அவர் உயிருக்கே ஆபத்து. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே ‘இப்போது சாப்பிடும் மாத்திரைகள்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். பெயர் தெரியாது என்பவரிடம் அட்டையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

இரண்டு உதாரணம். சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சிறுகுறிஞ்சான் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். முதல் வாரத்தில் வீட்டுக் கருவியில் பார்த்து எழுதி வரச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை எடுப்பவர் இருமலுக்கு அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

கையால் செய்யும் சிகிச்சையிலும் கவனம் வேண்டும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு ஒற்றடம் கொடுத்தால் வெந்து புண்ணாவதே அவருக்குத் தெரியாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தொக்கணம் போடாதீர்கள், உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ சீட்டு எழுதி அனுப்புங்கள். அனுப்பிய தேதியை உங்கள் பதிவேட்டிலும் குறித்துவையுங்கள்.

கேள்வி: வில்லியனூர். ரத்தம் எடுக்கும் கப்பிங் (தோலில் கீறி, குவளை வைத்து உறிஞ்சுவது) செய்கிறேன். பிளேடையும் பஞ்சையும் என்ன செய்வது?

பதில்: 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். பிளேடும் ஊசியும் குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு. ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு. மஞ்சள் பை 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. படுக்கை வசதியில்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டுக் குழும அனுமதி ஒருமுறை வாங்கினால் போதும். பொது மருத்துவக் கழிவு நிலையத்துடன் ஒப்பந்தம் போட்டு, கொடுத்த பை எண்ணிக்கைக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் கிளினிக். பாகூரில் வாரம் இரண்டு நாள் கிளை போடலாமா?

பதில்: பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு அரசு. தமிழ்நாட்டில் கிளினிக் பதிவு 1997-ம் ஆண்டுச் சட்டப்படி; புதுச்சேரியில் 2010-ம் ஆண்டு மத்தியச் சட்டம். தனிப் பதிவு வேண்டும். உங்கள் கையால் செய்த மருந்தை உங்கள் நோயாளிக்குக் கொடுக்கலாம். லேபிள் ஒட்டி அங்குள்ள கடைகளுக்குப் போட்டால் உற்பத்தி உரிமம் இல்லாமல் விற்ற கதையாகிவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. பதிவேட்டைப் புரட்டி, மூன்று மாதத்துக்கு முன் வந்த புதியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்குக் கீழே என்றால் கிளை வேண்டாம். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் உதவியாளரைக் கொண்டு போன் செய்யுங்கள். ‘மருந்து ஒத்துக்கொண்டதா, வயிறு எப்படி?’ இவ்வளவு கேட்டால் போதும். வராதவர் காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கசப்பு, பஸ் நேரம், காசு, குணமாகிவிட்டது. கசப்பு என்று நாலு பேர் சொன்னால் குடிநீருக்கு (கஷாயத்துக்கு) பதில் மாத்திரை. பஸ் என்றால் மாலை நேரத்தை அரை மணி முன்னே நகர்த்துங்கள்.