பழைய கைப்பேசியை அழித்துவிட்டு, அதே க்யூஆர் குறியீட்டைப் புதியதில் ஸ்கேன் செய்தால் இ-சிம் வந்துவிடுமா?

வராது. வரும் சனிக்கிழமை புதிய கைப்பேசி வீட்டுக்கு வருகிறது, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறேன், இ-சிம் (தனி அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்) வாங்கியபோது வந்த க்யூஆர் குறியீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே மூன்றையும் இதே வரிசையில் 2025 செப்டம்பரில் நான் செய்தேன். அதனால்தான் இங்கு ஏற்கெனவே இரண்டு நல்ல பதில்கள் இருந்தும் நானும் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து டெலிவரி வரும் நாளில் பழைய கைப்பேசியைக் கையைவிட்டு அனுப்பாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாய் போனாலும் பரவாயில்லை.

எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை டெலிவரிக்கு வந்த பையன் பழைய கைப்பேசியைச் சரிபார்க்கக் காத்திருந்தான். படங்கள், வங்கி விவரங்கள் எதுவும் அடுத்தவர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற கவனத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இ-சிம்மை வைத்திருக்கவா, அதையும் அழிக்கவா என்று கைப்பேசி கேட்டது. அழிக்கச் சொன்னேன். அந்த நேரத்தில் அது மிகச் சரியான, பொறுப்பான செயல் என்றே நினைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அச்செடுத்து ஃபைலில் வைத்திருந்த க்யூஆர் தாளை எடுத்து, வீட்டு வைஃபையில் புதிய கைப்பேசியை இணைத்து ஸ்கேன் செய்தபோது, அந்தக் குறியீடு இனிச் செல்லாது என்ற செய்திதான் வந்தது. அதற்குள் பழைய கைப்பேசி பையனின் பையில் ஏறித் தெருவைக் கடந்திருந்தது.

ஏன் செல்லாது என்பதை அப்போது நான் அறியவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இ-சிம் என்பது படம், பாட்டுபோல ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கோப்பு அல்ல. கைப்பேசிக்குள்ளேயே பற்றவைத்த ஒரு சிப் இருக்கிறது. அதற்கு 89 என்று தொடங்கும் 32 இலக்க அடையாள எண் உண்டு. நம் தொலைபேசி எண்ணுக்குரிய விவரங்களும் ரகசியச் சாவியும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து அந்தச் சிப்புக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன. உள்ளே போன சாவியை யாராலும் வெளியே எடுக்க முடியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. நம் எண்ணை இன்னொருவர் நகலெடுத்துவிடாமல் காப்பதும் அதுவே. கூகுள் கணக்கிலோ ஐக்ளவுடிலோ நாம் எடுத்து வைக்கும் பேக்கப்பில் இ-சிம் சேராததற்கும் இதுதான் காரணம். க்யூஆர் குறியீட்டில் இருப்பது சிம் அல்ல. சர்வரின் முகவரியும் ஒருமுறை திறப்பதற்கான ஒரு குறியீடும்தான். ஒரு சிப்பில் அதை இறக்கியதும் பெரும்பாலும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. புதிய கைப்பேசிக்கு மாறுவதென்றால் நிறுவனம் புதிதாக ஒன்றைக் கொடுத்து, பழையதைச் செல்லாததாக்க வேண்டும். ஒரு கைப்பேசியில் இ-சிம்மை அழித்தால் இணைப்பு ரத்தாவதில்லை. நம் எண் நம் பெயரில்தான் இருக்கும். அது போய் உட்கார்வதற்கு இடம்தான் இருக்காது.

என் கணவரின் கைப்பேசியிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். புதிய க்யூஆர் வேண்டுமென்றால் அந்த எண்ணிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த எண்தான் எந்தக் கைப்பேசியிலும் இல்லையே என்றேன். அப்படியானால் பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து எழுதுங்கள் என்றார்கள். பதிவில் இருந்தது 10 ஆண்டுகளுக்கு முன் நான் விட்டு வந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி. இந்த இடத்தில், முகவரியை மாற்றி வைக்காதது உங்கள் தவறுதானே என்று யாராவது கேட்கலாம். என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த 10 ஆண்டுகளில் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யச் சொல்லி எத்தனையோ செய்திகள் அனுப்பிய நிறுவனம், உங்கள் மின்னஞ்சல் இன்னும் இதுதானா என்று ஒரே ஒருமுறை கேட்டிருக்கலாம். நிறுவனத்தின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் நோக்கம் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அல்ல. மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் இதே சிக்கலை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் இருந்த கிளை மூடியிருந்தது. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அசல் ஆதார் அட்டையுடன் போய் நின்றேன். புகைப்படம் எடுத்தார்கள், மின்னஞ்சலை மாற்றினார்கள், கணினித் திரையில் புதிய க்யூஆரைக் காட்டினார்கள். அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும். என் கைப்பேசியிலோ இணைப்பே இல்லை. அங்கிருந்த ஊழியர் தன் சொந்த ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. பகல் ஒரு மணியளவில் இணைப்பு வந்தது. “டவர் வந்துடுச்சு மேடம், இனி ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்று சொல்லி அனுப்பினார். பேச முடிந்தது, இணையம் வந்தது. நானும் நிம்மதியாக அலுவலகம் போனேன்.

உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நாகர்கோவிலில் இருக்கும் என் அம்மாவுக்கு அந்த வியாழக்கிழமை காலை கண்புரை அறுவை சிகிச்சை. பெங்களூரில் இருக்கும் தம்பி கூட இருப்பதாக ஏற்பாடு. திங்கள் இரவு அவன் அழைத்து, “அக்கா, எனக்கு லீவு கேன்சல் ஆயிடுச்சு, நீ போயிடுறியா?” என்றான். சென்னையிலிருந்து புதன்கிழமை மாலை கிளம்பும் ரயிலுக்குச் செவ்வாய்க்கிழமை 11 மணிக்குத் தூங்கும் வசதிப் பெட்டிக்கான தட்கல் திறக்கும். 2025 ஜூலை 15 முதல் இணையத்தில் தட்கல் எடுப்பவர்களுக்கு ஆதார் வழியாக வரும் ஓடிபி கட்டாயம். 11 மணிக்கு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஓடிபிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பக் கேட்டேன், வரவில்லை. கைப்பேசியை அணைத்துப் போட்டேன், அப்போதும் வரவில்லை. சற்று நேரத்தில் காத்திருப்போர் பட்டியல் ஆரம்பித்துவிட்டது. யுபிஐ செயலியைப் புதிய கைப்பேசியில் பதிவு செய்யப் பார்த்தால் அதுவும் நம் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் நம்மை உறுதி செய்கிறது; அந்தச் செய்தியும் போகவில்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்த பிறகுதான் தெரிந்தது: சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவும் செய்யாது, போகவும் செய்யாது. தொலைத்தொடர்புத் துறை 2022-இல் பிறப்பித்த உத்தரவு அது. நம் எண்ணை மோசடியாகத் தன் சிம்மில் ஏற்றிக்கொண்ட ஒருவன், அடுத்த நிமிடமே வங்கி ஓடிபிகளைப் பெற்றுக் கணக்கைக் காலி செய்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு. இந்த விதியை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி அழைத்து, உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்த செய்திக்குச் சம்மதம் கொடுங்கள் என்று பேசி எண்ணையே பறிக்கும் கும்பல்கள் இருக்கும்போது இப்படியொரு தடுப்பு அவசியம். (நீங்களாகக் கேட்காமல் அப்படி ஒரு செய்தி வந்தால் எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள். தவறிக் கொடுத்துவிட்டால் உடனே நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லி, சைபர் மோசடிகளுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.) என் ஆற்றாமை அந்தக் கிளையில் நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவரும் இதை ஒரு வரியாகக்கூடச் சொல்லவில்லை என்பதுதான். மேசைமேல் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால்கூடப் போதும். திங்கள் இரவே நான் வேறு வழி பார்த்திருப்பேன்.

உங்கள் கணவர் கணக்கில் எடுத்திருக்கலாமே என்பார்கள். அவருடைய ரயில்வே கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கவில்லை. முன்பதிவு நிலையத்துக்கு நேரில் போயிருக்கலாமே என்பார்கள். முந்தைய நாள்தான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும் விடுப்பு கேட்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இருந்து பார்க்காமல் வழி சொல்வது எளிது.

புதன்கிழமை மாலை கிளாம்பாக்கத்தில் கிடைத்த பேருந்தில் கடைசி வரிசையில் ஓர் இருக்கை. வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வியாழக்கிழமை காலை எட்டரை மணி. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு, கையைப் பிடித்து உள்ளே அனுப்பியவர் பக்கத்து வீட்டு அக்கா. கட்டுப் போட்ட கண்ணுடன் வெளியே வந்த அம்மா என் குரலைக் கேட்டதும், “நீ வரமாட்டேன்னுல்லா நெனச்சேன் மக்ளே” என்றார். சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் இன்றும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது.

ஊரிலிருந்து திரும்பிய வேகத்தில் நிறுவனத்தையே மாற்றிவிட முயன்றேன். அதுவும் முடியவில்லை. சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதற்கான போர்ட் குறியீடு கிடைக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. நீங்களும் அப்படி மாறும் எண்ணத்தில் இருந்தால், இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நிறுவனத்தின் செயலியில் உங்கள் மின்னஞ்சல் எது பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அடுத்த இரண்டு நாட்களில் பயணம், மருத்துவமனை, கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று எதுவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கையில் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். புதிய கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் கைப்பேசியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இ-சிம் உள்ள கைப்பேசிகளில், முன்பு சொன்ன சிப்பின் 32 இலக்க எண்ணும் பெரும்பாலும் அங்கேயே தெரியும். சில நிறுவனங்கள் இந்த இரண்டையும் கேட்கும்; சில மின்னஞ்சலை மட்டும் கேட்கும். எப்படியானாலும் கோரிக்கைக் குறுஞ்செய்தி உங்கள் பழைய கைப்பேசியிலிருந்துதான் போக வேண்டும், உறுதி கேட்டு வரும் பதிலும் அதற்குத்தான் வரும். அது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். இரண்டும் ஐபோன் என்றால், ஐஓஎஸ் 16 முதல் பக்கத்தில் வைத்தே மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் நிறுவனம் அதை அனுமதித்தால்தான் நடக்கும். செட்டிங்ஸில் அந்தத் தேர்வு வராவிட்டால் உங்கள் கைப்பேசியில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இ-சிம்மே வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியைத் திருடியவன் சிம்மை உருவி எறிந்துவிட முடியாது என்பதற்காகவே நான் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

புதிய கைப்பேசியில் இணைப்பு வந்ததும் பழையதை அழிக்க அவசரப்படாதீர்கள். வேறொருவரை அழைக்கச் சொல்லி மணி அடிக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம் கழிந்து, வங்கியிலிருந்து ஓர் ஓடிபி உண்மையிலேயே வந்து, யுபிஐ செயலி பதிவாகி, வாட்ஸ்அப்பும் திறந்த பிறகு, அந்தப் பழைய கைப்பேசியை எடுத்து, இ-சிம்மையும் சேர்த்து அழியுங்கள்.