பலகையில் ஒரு பெயர், பேச்சில் ஒரு பெயர்

ஊர்களுக்கும் சாலைகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் அரசியல் தலைவர்களின் பெயரைச் சூட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தைப் ‘பெரியார்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தை மாட்டுத்தாவணி என்றுதான் சொல்கிறோம். மதுரையில் எம்.ஜி.ஆருக்குச் செல்வாக்கு இல்லாமலா போயிற்று? (வாசகர், மதுரை)

பதில்: 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரானவர் அவர், ஆகவே செல்வாக்கு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. மாட்டுத்தாவணி என்னும் பெயர், பேருந்து நிலையம் வருவதற்கு முன்பே அந்த நிலத்தில் வேரூன்றிவிட்டது. தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்பது மதுரைப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடும் மனிதனும் கூடி விலை பேசிய இடத்தின் பெயரை, பிறகு வந்த பலகை அசைக்க முடியவில்லை. நகரின் நடுவிலுள்ள நிலையத்திற்கோ அப்படிப்பட்ட வலுவான பழம்பெயர் எதுவும் போட்டியாக இல்லை; போதாக்குறைக்குப் ‘பெரியார்’ என்பது நான்கே எழுத்துள்ள சிறிய சொல்; நடத்துநர் ஒரே மூச்சில் நான்கு முறை கூவலாம்.

சென்னையிலும் இதே கதைதான். அண்ணா நகரை யாரும் வேறு பெயரால் அழைப்பதில்லை. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த அந்தப் பகுதி நடுவக்கரை, முள்ளம் போன்ற சிற்றூர்களாக இருந்தது. நகராக எழுந்தபோதே அண்ணாவின் பெயரோடு எழுந்தது. ஆனால் அதே அண்ணாவின் பெயரை 1973-இல் கட்டிய மேம்பாலத்திற்குச் சூட்டினார்கள். பாலத்தை ஒட்டிப் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஜெமினி நிறுவனத்தின் கட்டடங்கள் போய் நட்சத்திர விடுதி வந்த பின்னும், ஆட்டோ ஓட்டுநரிடம் ‘ஜெமினி பாலம்’ என்றால்தான் வண்டி நகரும். அண்ணா சாலையோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: எழுதும்போது அண்ணா சாலை, பேசும்போது மவுண்ட் ரோடு. குழந்தை பிறந்தவுடன் வைத்த பெயர் ஒட்டும்; கல்யாணத்துக்குப் பின் மாற்றி வைத்தால் உறவுக்காரர்கள் பழைய பெயரையே கூப்பிடுவார்கள் அல்லவா, அதுபோலத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: என் தாயாரின் பள்ளிச் சான்றிதழில் ‘திண்டுக்கல் அண்ணா மாவட்டம்’ என்று இருக்கிறது. என் சான்றிதழில் வெறும் திண்டுக்கல்தான். அண்ணாவின் பெயரை எடுத்தது எந்தக் கட்சி? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அண்ணா தொடங்கிய கட்சியே எடுத்தது, அதுவும் அண்ணாவின் பெயரை மட்டுமல்ல, எல்லோருடைய பெயரையும். இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய செய்தி.

1979-இல் கோவையிலிருந்து ஈரோட்டுப் பகுதியைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் என்று பெயரிட்டது எம்.ஜி.ஆர். அரசு. 1985-இல் மதுரையிலிருந்து திண்டுக்கல்லும், இராமநாதபுரத்திலிருந்து விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்தபோது, அவை முறையே அண்ணா, காமராஜர், பசும்பொன் முத்துராமலிங்கம் ஆகியோரின் பெயரைப் பெற்றன. மறு ஆண்டு திருநெல்வேலி இரண்டாகி, ஒன்று நெல்லை கட்டபொம்மன் என்றும் மற்றது வ.உ. சிதம்பரனார் என்றும் வழங்கலாயிற்று. ஆட்சி மாறியபோதும் வழக்கம் மாறவில்லை. 1989-இல் வடஆற்காடு, அம்பேத்கர் பெயரிலும் திருவண்ணாமலை சம்புவராயர் பெயரிலுமாக இரண்டாயிற்று. 1991-இல் நாகை காயிதே மில்லத் வந்தது. 1993-இல் தென்னார்க்காடு வள்ளலாரும் விழுப்புரம் இராமசாமி படையாட்சியாரும் வந்தார்கள். செங்கற்பட்டு செங்கை எம்.ஜி.ஆர். ஆயிற்று. அந்தப் பட்டியலைச் சமூகக் கண் கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தால், மாவட்டப் பெயர் என்பது அந்தந்தப் பகுதியில் வாக்கு எண்ணிக்கை மிகுந்த ஒரு பிரிவினருக்கு அளிக்கப்படும் மரியாதையாக மெல்ல மாறிவந்தது புலப்படும். எல்லாப் பெயர்களுக்கும் இது பொருந்தாது. பெரியாருக்கும் அண்ணாவுக்கும் பொருந்தவே பொருந்தாது.

போக்குவரத்துக் கழகங்களிலும் இப்படியே நடந்தது. 1972-இல் தொடங்கியபோது பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று அரச மரபுகளின் பெயர்கள்தாம் இருந்தன. பல்லவருக்காகச் சண்டை போட யாரும் மிச்சமில்லை. கழகங்கள் பிரியப் பிரிய அண்ணா, தந்தை பெரியார், ஜீவா, நேசமணி, பட்டுக்கோட்டை அழகிரி, மருதுபாண்டியர், தீரன் சின்னமலை என்று பெயர்கள் பெருகின. 1997-இல் விருதுநகர் பகுதிக்கென ஒரு புதிய கழகம் அமைத்து, கட்டபொம்மனின் படைத்தளபதியாகப் போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதுவரை இத்தனை பெயர்களைச் சகித்துக்கொண்டவர்கள், அந்த ஒரு பெயரைச் சகிக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்போது முதலமைச்சராயிருந்த கருணாநிதி, அந்த ஒரு பெயரை மட்டும் நீக்கினால் அது வன்முறைக்குப் பணிந்ததாகும், நீக்காவிட்டால் தீ அணையாது என்ற நிலையில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர் பெயர்கள் அனைத்தையும் எடுத்துவிட முடிவு செய்தார். கழகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. மாவட்டங்கள் தலைநகரின் பெயருக்குத் திரும்பின. எல்லோரையும் எடுத்ததில் ஒரு சமத்துவம் இருந்தது என்பது உண்மை. ஆயினும், சுந்தரலிங்கத்தின் முறை வந்தபோதுதான் பந்தியே எடுக்கப்பட்டது என்ற வருத்தம் ஒரு சாராருக்கு இருப்பதும் நியாயமே.

அதன்பின் இந்த விஷயத்தில் இரு கட்சிகளும் ஒரே எச்சரிக்கையோடு நடந்து வந்திருக்கின்றன. 2004-இல் கிருஷ்ணகிரி, 2009-இல் திருப்பூர், 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை என்று எத்தனை மாவட்டங்கள் பிறந்தும், ஒன்றுக்கும் தலைவர் பெயர் இல்லை. தங்கள் தாயாரின் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: தலைவர்களின் பெயரை ஊருக்கு வைக்கும் பழக்கம் திராவிடக் கட்சிகள் கொண்டு வந்ததுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வடசென்னையின் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை ஒரு வைஸ்ராயின் பெயரைக் கொண்டது. மதுரையின் பெரிய மருத்துவமனை எர்ஸ்கின் என்ற கவர்னரின் பெயரிலிருந்து இராஜாஜியின் பெயருக்கு மாறியது. மதுரைக்காரர்கள் இரண்டையும் விட்டுவிட்டுப் ‘பெரியாஸ்பத்திரி’ என்கிறார்கள்.

நம்மவர்களில் இதை முதலில் பெரிய அளவில் செய்தது நீதிக்கட்சி. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தியாகராய நகரை அக்கட்சியின் குடும்பப் படம் என்றே சொல்லலாம். 1920-இல் ஆட்சியமைக்கும் வாய்ப்பு வந்தும் முதலமைச்சர் பதவியை வேண்டாமென்ற பிட்டி தியாகராயரின் பெயரை நகர் முழுவதற்கும் வைத்தார்கள்; நடுவிலுள்ள பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசருடையது; இன்னொரு பூங்கா நடேசனாருடையது; சாலைகளில் ஒன்று டாக்டர் நாயருக்கு, மற்றொன்று 1934-இல் தற்காலிகக் கவர்னராக இருந்த முகமது உஸ்மானுக்கு. பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. சுயமரியாதை இயக்கத்தில் முன்னின்ற சௌந்தரபாண்டியனாரின் பெயர்தான் அப்படிச் சுருங்கிற்று என்பார்கள். வாரந்தோறும் அங்கே துணி வாங்கச் செல்லும் கூட்டத்தில் இந்தப் பெயர்களுக்கு உரியவர்களைத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயர் நிலைத்துவிட்டது, ஆள் மறைந்துவிட்டார். நன்றாக ஒட்டிக்கொண்ட பெயருக்கெல்லாம் இந்த விதிதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனகல் என்பது ஆளின் பெயரன்று. அவருடைய ஜமீனின் பெயர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை ஓமந்தூரார் என்றோம். இப்போது சென்னையில் அவர் பெயரிலுள்ள அரசினர் தோட்டத்து மருத்துவமனையையும் ‘ஓமந்தூரார்’ என்கிறோம். ஊர்ப் பெயர் மனிதருக்குப் போய், மனிதர் வழியாக மறுபடியும் ஓர் இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி: ஒரு பெயரை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? (வாசகர், அரக்கோணம்)

பதில்: உள்ளூர்த் தெருவென்றால் உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். மாநில அரசின் கட்டடங்களுக்கு அரசாணை போதும். அதனால்தான் கோயம்பேடு பேருந்து நிலையம் 2018-இல் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றதும், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் ஆனதும் எளிதாக நடந்தன. ஊர், இரயில் நிலையம் ஆகியவற்றின் பெயரை மாற்ற மாநிலம் பரிந்துரைத்து, மத்திய உள்துறை ஒப்ப வேண்டும். இதற்கென 1953-இல் வகுத்த நெறிமுறைகள், மக்களுக்குப் பழகிப்போன பெயரைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அந்த வழியில்தான் 2019 ஏப்ரலில் சென்னை சென்ட்ரல், புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய இரயில் நிலையம் ஆயிற்று. அவ்வளவு நீளத்தையும் பயணச்சீட்டிலும் பலகையிலும் அடக்குவதற்கு இரயில்வே ஊழியர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். ‘சென்ட்ரல்’ என்ற சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

சென்னை விமான நிலையத்தில் வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது உள்நாட்டு முனையத்திற்குக் காமராஜர், பன்னாட்டு முனையத்திற்கு அண்ணா என்று பிரித்து வைத்தது, நான் பார்த்தவரையில் பொருத்தமான பெயரீடுகளுள் ஒன்று. 

கேள்வி: சாதிப் பெயர்களைத் தெருக்களிலிருந்து நீக்குவதென்றால் தலைவர்களின் பெயருக்குப் பின்னால் இருப்பதையும் நீக்க வேண்டாமா? (வாசகர், கோவை)

பதில்: 1970-களின் இறுதியிலேயே எம்.ஜி.ஆர். அரசு தெருப் பெயர்களிலிருந்த சாதிப் பின்னொட்டுகளை நீக்கச் சொன்னது. 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றிலுள்ள சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு மீண்டும் அரசாணை வந்தது. அதே வாரத்தில் தங்கள் ஊர் அவினாசி சாலை மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டதால், தாங்கள் கேட்ட கேள்வியையே ஊரெல்லாம் கேட்டார்கள். அவர் அரசியல்வாதி அல்லர் என்றாலும் சிக்கல் ஒன்றுதான். தியாகராய நகரில் பின்னொட்டு இல்லை, பெயர் குறைபடவும் இல்லை. ஆனால் டாக்டர் நாயர் சாலையில் அதை எடுத்தால் டாக்டர் மட்டுமே எஞ்சுவார். என் கருத்து இது: ஒரு பகுதியைச் சாதியால் அடையாளப்படுத்தும் பெயர் போக வேண்டும், ஒரு மனிதரை இன்னாரென்று அறிய உதவும் பழைய பெயரைத் தொடாமல் விட்டுவிடலாம், இனி வைக்கும் பெயர்களில் மட்டும் முதலிலேயே கவனமாக இருந்தால் போதும்.

கேள்வி: உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: வைத்துத்தான் வந்திருக்கிறோம். தங்கள் நகரில் கலைஞர் கருணாநிதி நகரும் எம்.ஜி.ஆர். நகரும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த இருவரும் சட்டமன்றத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்த காலத்திலும் அந்த நகர்வாசிகள் ஒரே சந்தையில்தான் காய்கறி வாங்கினார்கள். 1961-இல் மவுண்ட் ரோட்டில் காமராஜர் சிலையைத் திறக்க வந்த நேரு, வாழ்பவர்களுக்குச் சிலை வைப்பதில் தமக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்காமலேயே திறந்து வைத்தார். நான் நேருவின் கட்சி. ஆனால் நானும் அந்த விழாவுக்குப் போயிருப்பேன்.

கேள்வி: பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வசிக்கிறேன். முகவரியில் எந்தப் பெயரை எழுதுவது? (வாசகர், சென்னை)

பதில்: பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்பதே 1979 முதல் அதன் பெயர். 2021 ஏப்ரலில் பலகைகளில் ‘கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு’ என்று எழுதிப் பெருங்கண்டனத்துக்கு ஆளானார்கள். பெரியார் பெயரை எழுதுங்கள். உறவினர் நேரில் வருவதாயிருந்தால் ‘பூந்தமல்லி ஹைரோடு’ என்று தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சரியாக எழுதினால் தபால்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.