முதல் இழுப்பைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: பழைய இசட்88 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். ரேஞ்சில் (சுடப் பழகும் இடத்தில்) முதல் குண்டு மட்டும் எப்போதும் கீழே போகிறது, மற்றவை சரியாக விழுகின்றன. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: இல்லை ஐயா, துப்பாக்கியில் பழுது இல்லை. இசட்88 இத்தாலியின் பெரெட்டா 92 பிஸ்டலை ஒட்டி நம் தென்னாப்பிரிக்காவிலேயே செய்தது. சுத்தியல், அதாவது பின்னாலிருந்து அடித்துக் குண்டை வெடிக்க வைக்கும் பாகம், படிந்திருக்கும்போது டிரிகரை இழுத்தால், அந்த ஒரே இழுப்பு சுத்தியலைப் பின்னால் தூக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இது டபுள் ஆக்‌ஷன். குண்டு வெடித்ததும் ஸ்லைடு (முன்பின் நகரும் மேல்பாகம்) பின்னால் போய்ச் சுத்தியலைத் தூக்கி நிறுத்திவிடும். அடுத்த இழுப்பு அதை விடுவித்தால் போதும். இது சிங்கிள் ஆக்‌ஷன். இந்த வகையில் முதல் இழுப்புக்கு 5 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும், அடுத்ததற்கு ஏறக்குறைய அதில் பாதி. கனமான இழுப்பில் மணிக்கட்டும் சேர்ந்து இறங்குகிறது, குண்டும் இறங்குகிறது.

மேகசினில் 15 குண்டு போட்டு வரிசையாகச் சுட்டால் 14 முறை இலேசான இழுப்பைத்தான் பழகுகிறீர்கள். ஆபத்து வேளையில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு கனமான இழுப்பு. இனி ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஸ்லைடில் உள்ள சேஃப்டி லீவரைக் கீழே தள்ளிச் சுத்தியலை இறக்குங்கள், லீவரை மேலே ஏற்றி மறுபடி சுடுங்கள். இப்படி 20 குண்டு. அப்புறம் கனமாக ஒன்று, இலேசாக ஒன்று என்று இரண்டிரண்டாகச் சுடுங்கள். இரண்டாவது குண்டு நினைப்பதற்கு முன்பே போய்விடும், அதற்கும் விரல் பழக வேண்டும். டிரிகரை விரல் நுனியால் அல்ல, முதல் மூட்டின் மடிப்பால் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுங்கள். வீட்டில் பழகினால் குண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரை (குழலில் குண்டு உட்காரும் இடத்தை) இரண்டு முறை பாருங்கள், டம்மி குண்டு போடுங்கள். ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் இழுக்கப் பாருங்கள்.

கடைக்காரர்களிடம் எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று உண்டு. ஸ்லைடை இழுத்துச் சுத்தியலைத் தூக்கி வைத்துத்தான் துப்பாக்கியை நம் கையில் தருகிறார்கள். டிரிகர் வெண்ணெய் போல வழுக்கும், வாங்குகிறவர் மயங்கிவிடுவார். கனமான இழுப்பைக் காட்டினால் விற்காதென்று அவர்களுக்குத் தெரியும். இது அளவுத் தராசில் விரல் வைப்பது மாதிரி. சுத்தியலை இறக்கித் தரச் சொல்லி, பத்து முறை இழுத்துப் பார்க்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: என் கை சிறியது, எனக்குப் பொருந்துவதாகக் கொடுங்கள் என்று சொல்லித்தான் வாங்கினேன். சுத்தியல் படிந்திருந்தால் விரல் டிரிகரை எட்டவே இல்லை. 'போகப் போகப் பழகிவிடும்' என்கிறார்கள். லைசென்ஸ் இன்னும் வரவில்லை, துப்பாக்கி கடையில்தான் இருக்கிறது. (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: விரல் நீளம் பழக்கத்தால் கூடாது, அம்மா. டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் முன்னால் தள்ளி நிற்கும், சிறிய கைக்கு அதுதான் சிரமம். தவறு உங்களுடையது அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பாருங்கள்: இன்ன தேவைக்கு என்று கடையில் சொல்லி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் 56ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். கை சிறியதென்று சொன்னதைக் குறிப்பிட்டு இன்றே கடைக்கு எழுதுங்கள். முதலில் மெல்லிய கிரிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு துப்பாக்கி என்றால் விண்ணப்பமும் புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் லைசென்ஸ் குறிப்பிட்ட துப்பாக்கியின் எண்ணுக்குத்தான். அந்தக் காத்திருப்புக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் ரிவால்வரை இப்போதே தருகிறாராம், லைசென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். முன்பணம் கொடுத்துவிட்டேன். (வாசகர், டோங்காட்)

பதில்: தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 15 ஆண்டு வரை சிறை. கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: டபுள் ஆக்‌ஷன் இழுப்பு இலேசாக வேண்டும் என்று சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டலாமா? (வாசகர், லெனேசியா)

பதில்: வெட்டாதீர்கள். முன்பு நான் பழைய பிஸ்டல் ஒன்று வாங்கினேன். முதல் இழுப்பு அத்தனை இதமாக இருந்தது, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ரேஞ்சில் பத்துக்கு இரண்டு குண்டு வெடிக்கவில்லை. குண்டின் அடியில் தீப்பற்றும் பிரைமரில் சின்னப் பள்ளம் மட்டும். முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார், விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. அன்று பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. சுத்தியல் பலமாக அடித்தால்தான் பிரைமர் பற்றும். இழுப்பு கடினமாக இருந்தால் நல்ல துப்பாக்கிப் பணியாளரிடம் உள்பாகங்களை மெருகேற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு இழுப்புத் தொல்லையே வேண்டாம். என்ன வாங்கலாம்? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கிளாக் மாதிரி ஸ்டிரைக்கர் வகையில், அதாவது சுத்தியலுக்குப் பதில் உள்ளே ஸ்பிரிங் தள்ளும் ஊசி அடிக்கும் வகையில், எல்லா இழுப்பும் ஒன்றுதான். வெளியே கையால் போடும் சேஃப்டி பெரும்பாலும் இருக்காது, அதனால் டிரிகரை முழுவதும் மூடும் ஹோல்ஸ்டரும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: தற்காப்பு லைசென்ஸை எப்போது புதுப்பிக்க வேண்டும்? (வாசகர், ஸ்டாங்கர்)

பதில்: ஐந்து ஆண்டு முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.