வாசகர் கேள்வி: அடர்நிறம் எதைக் காட்டுகிறது?

கேள்வி: கியூஜிஐஎஸ் மென்பொருளில் மாவட்டவாரியாக மக்கள்தொகை வரைபடம் தயாரித்தேன். பரப்பில் பெரிய மாவட்டங்கள் அடர்நிறத்தில் தெரிகின்றன. நெரிசல் மிக்க சிறிய மாவட்டங்களோ வெளிறிக் கிடக்கின்றன. எங்கே தவறு?

பதில்: மென்பொருளில் குறையில்லை, நிறமிடுவதற்கு நீங்கள் கொடுத்த எண்தான் பொருந்தவில்லை. 1,000 சதுர கி.மீ. பரப்பில் 50,000 பேர் வாழும் மாவட்டத்தில் அடர்த்தி, அதாவது ஒரு சதுர கி.மீ.க்கு வாழ்வோர் எண்ணிக்கை, 50. 100 சதுர கி.மீ.க்குள் 40,000 பேர் வாழும் மாவட்டத்தில் அது 400. மொத்த எண்ணிக்கைக்கு நிறமிட்டால் முதலாவதே அடர்த்தியானதாகத் தோன்றும். ஆகவே, மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் மதிப்புக்கே நிறமிட வேண்டும்; பரப்பு சதுர மீட்டரில் கணக்கிடப்பட்டிருந்தால் முதலில் அதை 10,00,000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 1826-இல் பிரான்சின் கல்வி நிலையை வரைபடமாக்கிய பிரெஞ்சுக் கணித அறிஞர் சார்ல் துப்பேனும் விகிதத்துக்கே நிழலிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. மொத்த எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டுமெனில், அதற்கேற்ப அளவு மாறும் வட்டங்களைப் பயன்படுத்தலாம்.

அடுத்து, வகுப்புப் பிரிப்பு, அதாவது எந்த மதிப்பு முதல் எந்த மதிப்பு வரை ஒரே நிறம் என்று எல்லை வகுப்பது. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அகலம் தரும் சம இடைவெளி முறையில், மிக உயர்ந்த மதிப்புள்ள ஒரே ஒரு நகர மாவட்டம் மற்ற அனைத்தையும் மிகக் குறைந்த மதிப்புகளுக்கான வகுப்புக்குள் தள்ளிவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே எண்ணிக்கையில் மாவட்டங்களை வைக்கும் சம எண்ணிக்கை முறையோ 99, 101 என்று நெருங்கி நிற்கும் மாவட்டங்களைக்கூட வெவ்வேறு நிறங்களில் பிரித்துவிடக்கூடும். தனி வரைபடத்துக்கு மதிப்புகளுக்கிடையே இயல்பாக விழும் இடைவெளிகளில் எல்லை வகுக்கும் ஜெங்க்ஸின் இயல்பு முறிவு முறையையே நான் விரும்புவேன். ஆனால் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது எல்லைகளைக் கைப்பட ஒரே மாதிரி அமைத்தாக வேண்டும். ஐந்து வகுப்புகள் போதும். ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரையிலான சாயல்களே தெளிவாக இருக்கும்.