நியூஜெர்சி வீட்டில் குருவிப் பெட்டி வைக்கலாமா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து இதுதான் முதல் வசந்தம். ஊரில் மீட்டர் பெட்டி மேலே சிட்டுக்குருவி கூடு கட்டுமே, அதுபோல இங்கே பேக்யார்டில் ஒரு மரப்பெட்டி வைத்தால் வருமா, எப்போது வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் தம்பி. பல இடங்களில் முதலில் வந்து உட்கார்வதே அதுதான். ஆனால் இங்கே அதை உள்ளே விடாதீர்கள்.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அரிசிக்கடை வாசலில் சிந்தின அரிசியைப் பொறுக்க வரும் குருவிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அது இயற்கையாக இருந்த பறவை இல்லை. 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள், அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. இந்த மண்ணின் பறவை புளூபேர்ட். ஆணுக்கு முதுகு பளிச்சென்ற நீலம், மார்பு செங்கல் நிறம். அதற்குத் தானாக மரத்தைக் குடைந்து பொந்து போடத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, நாம் வைக்கும் பெட்டியோ கிடைத்தால்தான் முட்டையிடும். அதே பெட்டிக்குச் சிட்டுக்குருவி போட்டிக்கு வந்தால் முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொத்திக் கொல்லும், சில சமயம் அடைகாக்கும் தாயையே கொன்றுவிடும்.

அதனால் உங்கள் இடத்தைப் பார்த்துப் பெட்டி வாங்குங்கள். எதிரே புல்வெளி, மைதானம் என்று திறந்த இடம் இருந்தால் ஒன்றரை அங்குல ஓட்டை, புளூபேர்ட் வரும். வீடுகள் நெருக்கமாக இருந்தால், உங்களுடையது டவுன்ஹவுஸ் என்றால் அப்படித்தான் இருக்கும், ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குல ஓட்டை போதும். சிக்கடீ, ரென் போன்ற சின்னப் பறவைகள் நுழையும், சிட்டுக்குருவி நுழையாது. (டவுன்ஹவுஸில் கம்பம் நட அசோசியேஷன் அனுமதி வேண்டியிருக்கலாம், முதலில் கேட்டுவிடுங்கள்.)

பெயின்ட் அடிக்காத மரப்பெட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, மேலே காற்று வர இடைவெளி, சுத்தம் செய்யத் திறக்கும் கதவு. வாசலில் உட்காரக் குச்சி வைத்து அழகாக விற்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். பொந்தில் வாழும் பறவைக்குக் குச்சி தேவையில்லை, எதிரிக்குத்தான் உதவும். மரத்திலோ வேலியிலோ மாட்டாமல் ஐந்தடி உயர இரும்புக் கம்பத்தில் வைத்து, கீழே தகரக் குழாய்த் தடுப்பு போடுங்கள். ரக்கூன், பாம்பு, பூனை ஏறாது. பிப்ரவரி கடைசிக்குள் வைத்துவிடுவது நல்லது, புளூபேர்ட் அப்போதே இடம் தேட ஆரம்பிக்கும். ரென் ஏப்ரல் கடைசியில்தான் வரும், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

காக்காவுக்குச் சோறு வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே சோறும் ரொட்டியும் வெளியே போட்டால் சிட்டுக்குருவியும் எலியும்தான் சேரும். புல்லுக்குப் பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புளூபேர்ட் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் சாப்பாடு.

வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தாறுமாறாகப் புல், இறகு, பிளாஸ்டிக் திணித்திருந்தால் அது சிட்டுக்குருவிக் கூடு. எடுத்துவிடலாம், சட்டம் தடுக்காது. மெல்லிய புல்லில் கிண்ணம் போல இருந்து வெளிர்நீல முட்டைகள் கிடந்தால் புளூபேர்ட். பாசியில் கட்டியிருந்தால் சிக்கடீ. அவற்றின் கூட்டை அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டம் பாதுகாக்கிறது, கை வைக்கக் கூடாது. முட்டையிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு வரும், இன்னும் இரண்டரை வாரத்தில் பறந்துவிடும். குஞ்சு பொரித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆனதும் பெட்டியைத் திறப்பதை நிறுத்துங்கள். பயந்து முன்னதாகவே குதித்துவிடும்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைக்க ஆசை என்றால் வண்ணாரப்பேட்டை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே அது நம் பறவை. பால்கனியில் வெயில் நேராகப் படாத இடம், பூனைக்கு எட்டாத உயரம், 32 மில்லிமீட்டர் ஓட்டை. அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஓடும் மின்விசிறிக்குப் பக்கத்தில் வேண்டாம்.