தொட்டால் என்ற பாதி

கேள்வி: யாராவது சின்னதாக ஒன்று சொன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். வீட்டில் என்னைத் 'தொட்டாச்சிணுங்கி' என்கிறார்கள். இந்தச் சொல் எப்படி வந்தது? செடியின் பெயரா, ஆளைச் சொல்லும் சொல்லா? – ஒரு வாசகி

பதில்: சிறுவயதில் எனக்கும் வீட்டில் இதே பெயர்தான். அண்ணன் என் பென்சிலை ஒடிப்பான். நான் அழுததும் 'தொட்டாச்சிணுங்கி' என்று கத்திவிட்டு ஓடுவான். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

தொட்டால் + சிணுங்கி. ல், ச சேரும்போது ல் ற் ஆகத் திரியும்; எழுத்தில் தொட்டாற்சிணுங்கி, பேச்சில் தொட்டாச்சிணுங்கி. கடைசியில் உள்ள 'இ', மரங்கொத்தி, ஊர்சுற்றி போல, அதைச் செய்பவரைக் காட்டுகிறது. செடிக்குத் தொட்டாற்சுருங்கி என்றும் பெயர் உண்டு. பார்க்கப்போனால் இலை சுருங்கத்தான் செய்கிறது, சிணுங்குவது குழந்தைகள். நம் குணம் ஒன்றைச் செடிக்குக் கொடுத்து, அப்புறம் அந்தப் பெயரை நாமே திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலையாளத்தில் 'தொட்டாவாடி', அங்கேயும் செடிக்கும் ஆளுக்கும் ஒரே சொல்.

அந்தச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதனால் பழைய பாட்டுகளில் அதைத் தேட வேண்டாம். அங்கே மென்மைக்குப் பெயர் அனிச்சம்.

மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து
நோக்கக் குழையும் விருந்து

குறள் 90. முகர்ந்தால்தான் அனிச்சம் வாடும். முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார். இந்தக் குறளை எத்தனை முறை படித்தாலும் ஒன்றைக் கவனித்து நிற்பேன். வாடியவரை வள்ளுவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விருந்தோம்பல் அதிகாரம் அது. பேச்சு முழுக்க வீட்டுக்காரரின் முகத்தைப் பற்றியதுதான்.

உங்கள் வீட்டார் சொல்லும் சொல்லிலும் அது இருக்கிறது. முதலில் வருவது 'தொட்டால்'. சிணுங்கல் அதற்குப் பிறகுதான். யாரோ தொடாமல் அந்தச் சொல்லே இல்லை. ஆனால் கேலி செய்யும்போது பின்பாதி மட்டும்தான் காதில் விழுகிறது.

செடியில் நடப்பதும் பெரிய ரகசியம் இல்லை. இலைக்காம்பின் அடியில் ஒரு சிறு புடைப்பு. தொட்டதும் அங்குள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை மடங்கிவிடுகிறது. நீர் திரும்பியதும், சில நிமிடங்களில், தானாக விரிகிறது. பென்சில் ஒடிந்த அன்று இதையெல்லாம் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.