50% இறங்கி 50% ஏறினா ஏன் பணம் பழைய இடத்துக்கு வரல?

கேள்வி: சார், ஒரு ஃபண்ட்ல 100 போட்டேன். முதல் வருஷம் 50% இறங்குச்சு, அடுத்த வருஷம் 50% ஏறுச்சு. சராசரி 0% தானே? ஆனா அக்கவுண்ட்ல 75 தான் காட்டுது, ஏதாவது சார்ஜ் பிடிச்சுட்டாங்களா? இப்ப மேல ஒரு 25 போட்டா நஷ்டம் சரியாயிடும்ல?

பதில்: நீங்க சொல்ற கணக்குப்படி யாரும் எதையும் பிடிக்கலங்க. 50ஐ கழிச்சுட்டு 50ஐ கூட்டினா பழைய நம்பர் வரும், அது சரி, ஆனா சதவீதம்னு வந்துட்டா அங்க நடக்கறது கூட்டல் கழித்தலே கிடையாது, பெருக்கல். 50% இறங்குச்சுன்னா உங்க பணத்தை அரையால பெருக்கிட்டாங்க, 50% ஏறுச்சுன்னா ஒன்றரையால பெருக்கிட்டாங்க, அரையையும் ஒன்றரையையும் பெருக்கினா முக்கால் தான் வரும். ஏற்றம் முதல்ல வந்து இறக்கம் அப்புறம் வந்திருந்தாலும் அதே 75 தான்.

பெருக்கினாலே பெருசாகும்னு ஸ்கூல்லேர்ந்து மனசுல பதிஞ்சு போச்சு, 1க்கு மேல இருக்கற எண்ணால பெருக்கினா தான் பெருசாகும், 1க்கு கீழன்னா சுருங்கும், சரியா 1ஆல பெருக்கினா தான் அப்படியே நிக்கும். கூட்டல்ல அந்த வேலைய 0 பண்ணுது. அதனால அரை ஆன பணம் பழையபடி ஆகணும்னா 2ஆல பெருக்கணும், அதாவது 100% ஏறணும். 20% இறங்கினா 25% ஏறினா போதும், 10%ன்னா சுமார் 11.1%, ஆனா 90% இறங்கிட்டா 900% வேணும், அதான் பெரிய இறக்கத்தை பார்த்து நாங்க இவ்ளோ பயப்படறோம். ரெண்டு வருஷத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து வர்ற அந்த 0%ஐ மறந்துடுங்க, சிஏஜிஆர், அதாவது பெருக்கல் கணக்குல வர்ற வருஷ சராசரி வளர்ச்சி, பார்த்தா வருஷத்துக்கு சுமார் 13.4% நஷ்டம்.

இப்ப அந்த 25. போட்டீங்கன்னா ஸ்க்ரீன்ல 100 தெரியும், மனசுக்கு நல்லா இருக்கும், ஆனா நீங்க போட்டது மொத்தம் 125 ஆயிடுச்சு, நஷ்டம் அதே 25 அப்படியே தான் நிக்குது. வேடிக்கை என்னன்னா நஷ்ட சதவீதம் மட்டும் 25லேர்ந்து 20 ஆயிடும், ஏன்னா அதே 25ஐ இப்ப பெரிய எண்ணால வகுக்கறோம். ஆப்ல சிவப்பு குறையறத பார்த்து ஃபண்ட் தேறிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கறது இப்படித்தான். போட்ட காசை எட்ட முன்னாடி 33.3% ஏற்றம் வேணும், இப்ப 25% போதும், அது நிஜம், ஆனா மறுபடி இறங்கினா அடி வாங்கற பணமும் 75 இல்ல, 100.

சார்ஜ் பத்தி கேட்டதால ஒண்ணு சொல்றேன், ஃபண்டோட செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த வருஷா வருஷம் எடுக்கற சதவீதம், தனியா கழியாது, என்ஏவிலயே, அதாவது ஒரு யூனிட்டோட மதிப்புலயே, கழிஞ்சு தான் வரும். அதுவும் பெருக்கல் தான். வருஷம் 1%ன்னா வருஷா வருஷம் 0.99ஆல பெருக்கற மாதிரி, 20 வருஷத்துல அது மட்டுமே சுமார் 18%ஐ தின்னுடும்.

அதனால 25 போடறதுக்கு முன்னாடி, கையில இந்த ஃபண்டே இல்லன்னா இன்னைக்கு புதுசா இதுல போடுவீங்களான்னு பாருங்க. போடுவேன்னா போடுங்க, 100ங்கற நம்பர் திரும்ப தெரியணும்னு மட்டும் போடாதீங்க.